ஓ.எஸ். 46 ஏஎக்ஸ்: தரையில் சீறும் எஞ்சின் வானில் திணறினால்

ஜப்பானின் ஒசாகா நகரில் 1936 முதல் மாதிரி விமான எஞ்சின்களைச் செய்துவரும் ஓ.எஸ். நிறுவனத்தின் 46 ஏஎக்ஸ் இரண்டாம் பதிப்பு, பயிற்சி விமானங்களில் பரவலாகப் பொருத்தப்படும் டூ ஸ்ட்ரோக் குளோ எஞ்சின்; அதாவது, மெத்தனால் கலந்த எரிபொருளைக் குளோ பிளக்கின் சூடான கம்பியால் பற்றவைத்து ஓடுவது. சிலிண்டரின் விட்டம் 22 மி.மீ., ஸ்ட்ரோக் 19.6 மி.மீ., கொள்ளளவு ஏறத்தாழ 7.5 சி.சி. எரிபொருள் வரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகான நீடில் வால்வை, சுழலும் புரொப்பெல்லரை விட்டு விலக்கிப் பின்பக்கம் வைத்திருப்பதால் விரலுக்கு ஆபத்து குறைவு. இந்த ஒன்றுக்காகவே புதியவர்களுக்கு இதை நான் தயங்காமல் சொல்வேன்.

இத்தகைய எஞ்சின்களைப் பற்றி அடிக்கடி காதில் விழும் குறை ஒன்று உண்டு: தரையில் முழு த்ராட்டிலில் கணீரென்று ஓடுவது, விமானம் மேலேறியதும் ஒலி தேய்ந்து அணைந்துவிடுகிறது. உடனே கார்புரேட்டரைக் கழற்றுகிறார்கள், குளோ பிளக்கை மாற்றுகிறார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இந்த எஞ்சினுக்குத் தனியாக எரிபொருள் பம்ப் கிடையாது. கார்புரேட்டரின் உறிஞ்சலும் சைலன்சரிலிருந்து டேங்குக்கு வரும் சிறு அழுத்தமும் மட்டுமே மெத்தனாலைக் கொண்டுவருகின்றன. ஆகவே டேங்க் எங்கே, எப்படி இருக்கிறது என்பதே பாதிக் கதை. டேங்கின் நடுக்கோடு நீடில் வால்வின் மட்டத்திலோ சற்றுக் கீழோ இருக்க வேண்டும். அதிர்வில் எரிபொருள் நுரைத்தால் குமிழிகள் கலந்து கலவை லீன் ஆகிவிடும் (காற்று மிகுந்து எரிபொருள் குறையும்) என்பதால், டேங்கைச் சுற்றிலும் நுரைப்பஞ்சு வைப்பதைத் தவிர்க்கக் கூடாது.

மிகவும் ஏமாற்றுவது டேங்கினுள் இருக்கும் டியூப்தான். அதன் நுனியில் உள்ள உலோக எடை, விமானம் எப்படிச் சாய்ந்தாலும் எரிபொருளைத் தேடிப் போகும்படி அமைந்தது. மூக்குக் குத்திய தரையிறக்கம் ஒன்றில் அது முன்பக்கம் மடிந்து சிக்கிக்கொண்டால், கிடைமட்டத்தில் எஞ்சின் நன்றாகவே ஓடும். மூக்கு உயர்ந்து எரிபொருள் டேங்கின் பின்புறம் ஒதுங்கியதும் காற்றை உறிஞ்சத் தொடங்கும். டியூபில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலோ, டேங்க் நிறைந்திருக்கும்வரை எதுவும் தெரியாது. எரிபொருள் மட்டம் ஓட்டைக்குக் கீழே இறங்கியதும் திணறல் ஆரம்பிக்கும். பறக்கத் தொடங்கியதும் திணறுகிறதா, பாதி டேங்க் தீர்ந்த பிறகா என்று கவனித்தாலே இந்த இரண்டையும் பெரும்பாலும் பிரித்துவிடலாம்.

இவை சரியாக இருந்தும் திணறினால் நீடிலைப் பார்க்கலாம். காற்றில் புரொப்பெல்லரின் சுமை குறைந்து சுழற்சி கூடுவதால், தரையில் உச்ச வேகத்துக்கு முறுக்கிவைத்த எஞ்சின் மேலே போய் லீன் ஆகும். உச்சத்தைக் கண்டறிந்தபின் நீடிலைச் சில கிளிக்குகள் திறந்து, வேகம் கொஞ்சம் இறங்கும்படி கலவையை ரிச்சாக, அதாவது எரிபொருள் சற்றுக் கூடுதலாக, விட வேண்டும். பிறகு உதவிக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, முழு த்ராட்டிலில் விமானத்தின் மூக்கை வானை நோக்கி உயர்த்திப் பிடித்துப் பார்க்க வேண்டும்; ஒலி சற்று ஏறினாலோ மாறாமல் நின்றாலோ பறக்கவிடலாம், தொய்ந்தால் இன்னும் திறக்க வேண்டும். 46 ஏஎக்ஸின் நீடில் கிளிக்குகள் விரலுக்குத் தெளிவாகத் தெரிவதால் இந்த வேலை எரிச்சல் இல்லாமல் முடிகிறது. சைலன்சர் திருகுகள் தளர்ந்திருந்தாலும் டேங்க் அழுத்தம் குறையும் என்பதால் அவற்றையும் ஒருமுறை இறுக்கிவிடுவது நல்லது.

குறையென்று சொல்வதானால், எஞ்சின் மூடி உள்ள விமானங்களில் பின்பக்க நீடிலை எட்ட மூடியில் துளை போட வேண்டியிருக்கலாம். பறந்து முடிந்ததும் மிச்ச மெத்தனாலை வடித்துவிட்டுத் துருத்தடுப்பு எண்ணெய் விட வேண்டியதும் தொல்லைதான். அந்தப் பொறுமையும் சிறகில் படியும் எண்ணெயைத் துடைக்கும் மனமும் இல்லாதவர்களுக்கு மின்மோட்டாரே போதும்.