மெரிடாவிலிருந்து இசமாலும் மானியும்: டியேகோ தே லாண்டா சுற்றுலா எப்படி?

மெக்சிகோவின் யுகாட்டான் பக்கம் போகிறவர்கள் பெரும்பாலும் சிச்சென் இட்சா, கடற்கரை என்று முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மெரிடாவிலிருந்து இசமால், மானி இரண்டுக்கும் ஒரே நாளில் வேனில் கூட்டிப்போகிறார்கள், டியேகோ தே லாண்டா என்ற பிரான்சிஸ்கன் துறவியின் கதையைச் சொல்லிக்கொண்டே. நான் போனது ஒரு சின்ன உள்ளூர் நிறுவனத்தோடு. வேன் சுத்தம், ஏசி நன்றாக வேலை செய்தது, வழிகாட்டி அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான மாயா மக்களின் மொழியை வீட்டில் பேசுகிறவர். அவருக்காகவே போகலாம்.

இசமால் பகுதி அருமை. ஊரே மஞ்சள் வண்ணம், நடுவில் பழைய மாயா பிரமிடின் மேடை மேலேயே மடம் எழும்பி நிற்கிறது. 1549-ல் ஸ்பெயினிலிருந்து வந்த இளம் லாண்டா இங்கேதான் வளர்ந்து பெரிய ஆளானார், மாயா மொழியும் கற்றுக்கொண்டார். அவசரப்படுத்தாமல் சுற்றிப் பார்க்க விட்டார்கள்.

என் குறை மானியில்தான். 1562-ல் அந்த ஊருக்குப் பக்கத்துக் குகையில் சிலைகளும் எலும்புகளும் கிடைத்தன, மதம் மாறிய மாயா மக்கள் இன்னும் பழைய தெய்வங்களை ரகசியமாக வணங்குகிறார்கள் என்று துறவிகள் முடிவுகட்டினார்கள். அப்போது யுகாட்டானில் பிஷப் யாரும் இல்லை, துறவிகளின் மாகாணத் தலைவராக இருந்த லாண்டா விசாரணை அதிகாரத்தைத் தானே கையில் எடுத்துக்கொண்டார். ஞானஸ்நானம் வாங்கிய மாயா மக்களை மணிக்கட்டில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, அடித்து, ஒப்புக்கொள்ள வைத்தார்கள். ஜூலை 12 அன்று பெரிய தண்டனைச் சடங்கு நடத்தி, சிலைகளையும் மாயா ஏடுகளையும் எரித்தார்கள். பிறகு நடந்த அரசு விசாரணையில் வந்த கணக்குப்படி சித்திரவதைக்கு ஆளானவர்கள் 4,500-க்கு மேல், செத்தவர்கள் 158. மடத்து முற்றத்தில் நின்று வழிகாட்டி பேசியதெல்லாம் எரிந்த ஏடுகளைப் பற்றித்தான். உலகத்தில் இன்று நாலே மாயா ஏடுகள் மிஞ்சியிருக்கின்றன, அந்த இழப்பு பெரிதுதான், ஆனால் அந்த 158 பேரைப் பற்றி ஒரு வாக்கியம்கூடச் சொல்லாமல் அடுத்த இடத்துக்கு நகர்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்புறம் நடந்ததையும் ஓட்டிவிட்டார்கள், என் பார்வையில் கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. ஆகஸ்டில் பிஷப் பிரான்சிஸ்கோ தே டோரல் வந்து சேர்ந்து, லாண்டாவை எதிர்த்து நின்று, சிறையில் கிடந்தவர்களை விடுவித்தார். லாண்டா ஸ்பெயினுக்குப் போய் வழக்கைச் சந்தித்தார், வழக்கு நடந்த காலத்தில்தான், 1566 வாக்கில், யுகாட்டானைப் பற்றிய தன் குறிப்பையும் எழுதினார். கடைசியில் குற்றமில்லை என்று விட்டுவிட்டார்கள். 1571-ல் டோரல் இறந்ததும் அந்த நாற்காலியையே லாண்டாவுக்குக் கொடுத்து, 1573-ல் அவர் பிஷப்பாகத் திரும்பி வந்தார், 1579-ல் சாகும்வரை பதவியில் இருந்தார். தொங்கவிடப்பட்டு உயிர் தப்பியவர்களுக்கு அவரே ஆயர்! இதை ஒரே வரியில் முடிப்பது நியாயமில்லை.

"அழித்தவரும் அவரே, காப்பாற்றியவரும் அவரே" என்ற மாதிரி பேச்சும் வேனில் வந்தது. அவர் எழுதிவைத்த எழுத்து அட்டவணையை வைத்து 1952-ல் சோவியத் அறிஞர் யூரி க்னோரோசோவ் மாயா எழுத்தைப் படிக்க வழி கண்டுபிடித்தது உண்மை. அந்த எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்தவர்கள் மாயா ஆட்கள், பாராட்டு முதலில் அவர்களுக்குத்தான் போக வேண்டும்.

மதியச் சாப்பாடு மானியிலேயே, போக் சுக் என்ற சுட்ட பன்றிக்கறி, ரொம்ப நன்றாக இருந்தது. சாப்பிடும்போது டோரலைப் பற்றிக் கேட்டேன், வழிகாட்டி அவ்வளவு விவரமாகப் பேசினார். ஆக அவருக்குத் தெரியாமல் இல்லை, நிறுவனம் கொடுத்த பட்டியலில் அது இல்லை, அவ்வளவுதான். அதனால் போகிறவர்கள் மானிக்குள் நுழைவதற்கு முன்பே வேனில் வைத்துக் கேட்டுவிடுங்கள். முற்றத்தில் நிழல் கிடையாது, தொப்பியும் தண்ணீரும் கையில் இருக்கட்டும்.