கோழிக்கரு ஸ்லைடு பெட்டி: 72 மணி நேர ஸ்லைடுக்காகவே வாங்கலாம்

சேலம் அஞ்சு ரோடு பக்கம் லேப் சாமான் விற்கும் ஒரு கடையில் இந்தப் பெட்டியை வாங்கினேன். அடைவைத்து 18, 24, 33, 48, 72 மணி நேரம் ஆன கோழிக்கரு, ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு ஸ்லைடு, கூடவே ஒரு விளக்க அட்டை. நாமக்கல் பக்கத்திலேயே இருக்கும்போது முட்டைக்கா பஞ்சம் என்று கேட்பார்கள். பண்ணை முட்டையில் சேவல் சேர்வதில்லை, அதனால் கரு வளராது. நாட்டுக்கோழி முட்டை தேடி, அடைவைத்து, நேரம் பார்த்து உடைத்து, சாயமேற்ற எல்லாரிடமும் வசதி இருக்காது. விலங்கியல் படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறவர்களுக்கு ஸ்லைடுதான் சரி.

72 மணி நேர ஸ்லைடு அவ்வளவு தெளிவு. 4எக்ஸ் லென்ஸில் வைத்து மெல்ல நகர்த்தினால் உடம்பின் ஓரத்தில் முன்னால் ஒரு புடைப்பு, பின்னால் ஒரு புடைப்பு தெரியும். முன்னது இறக்கை ஆகப்போகிறது, பின்னது கால். எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். ஆனால் உள்ளே முடிவு எடுத்தாயிற்று: முன்புடைப்பில் டிபிஎக்ஸ்5, பின்புடைப்பில் டிபிஎக்ஸ்4, பிட்எக்ஸ்1. டிஎன்ஏவைப் பிடித்துக்கொண்டு எந்த ஜீன் வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்று சொல்லும் டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்கள் இவை. 1999இல் கோழிக்கருவின் இறக்கைப் புடைப்பில் பிட்எக்ஸ்1ஐ வேலை செய்ய வைத்துப் பார்த்தார்கள், அந்த இறக்கை காலின் சாயலோடு வளர்ந்தது! மனிதரில் டிபிஎக்ஸ்5 ஜீன் பழுதானால் கை, இதயம் இரண்டுமே பாதிக்கப்படும், ஹோல்ட்-ஓரம் நோய் என்பது அதுதான். இதைச் சொல்லிவிட்டு மறுபடி லென்ஸில் பார்க்கச் சொன்னால், அதுவரை கொட்டாவி விட்ட பையன்கூட நகர மாட்டான்.

கண்ணும் இதே ஸ்லைடில் அழகாக வந்திருக்கிறது, கிண்ணமும் அதற்குள் லென்ஸும். கண் உருவாக வழிசொல்லும் டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் பேக்ஸ்6, அந்தப் பாடத்துக்கு வேறு படம் வேண்டாம்.

33, 48 பரவாயில்லை. 18 மணி நேர ஸ்லைடில்தான் எனக்கு மனத்தாங்கல். பிரிமிடிவ் ஸ்ட்ரீக்கை, அதாவது கருவில் முதலில் தோன்றும் கோட்டைக் காட்டவேண்டிய ஸ்லைடு, பிராக்கியூரி என்ற இன்னொரு டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் வேலை பார்க்கும் இடம், அதில் சாயம் அப்பிக் கிடக்கிறது, கோடே தெரியவில்லை.

அட்டையிலும் ஒரு பெரிய பிழை. எஃப்ஜிஎஃப்8ஐ டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் பட்டியலில் போட்டிருக்கிறார்கள். அது செல்லை விட்டு வெளியே போய்ப் பக்கத்துச் செல்லுக்குச் சேதி சொல்லும் புரதம், டிஎன்ஏவைத் தொடுவதில்லை. பரீட்சைக்கு இதைப் பார்த்துப் படிக்கிற பிள்ளைக்கு மதிப்பெண் போகும். கடையில் சொல்லியிருக்கிறேன், திருத்தியே ஆக வேண்டும்.

அட்டையின் பின்பக்கம் மட்டும் நன்றாக எழுதியிருக்கிறார்கள். எந்த உறுப்பாகவும் ஆகக்கூடிய செல், வளர வளர அந்தத் திறனை இழக்கிறது, ஆனால் அதைத் திருப்ப முடியும். 1962இல் ஜான் கர்டன் என்ற விஞ்ஞானி தவளையின் குடல் செல் உட்கருவை முட்டைக்குள் வைத்துத் தலைப்பிரட்டை வளர்த்தார். 2006இல் ஜப்பான் விஞ்ஞானி யமனாகா ஆக்ட்4, சாக்ஸ்2, கேஎல்எஃப்4, சி-மிக் என்ற நான்கே டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்களைக் கொண்டு எலியின் தோல் செல்லை, எந்த உறுப்பாகவும் ஆகக்கூடிய ஸ்டெம் செல் நிலைக்குக் கொண்டுபோனார். இருவருக்கும் 2012இல் நோபல். பெட்டியில் உள்ள ஸ்லைடுகளோடு இதைச் சேர்த்துப் படித்தால்தான் அந்த வேலையின் பெருமை புரிகிறது.

வாங்குகிறவர்கள் காசு கொடுக்கும் முன் 18 மணி நேர ஸ்லைடைக் கடை மைக்ராஸ்கோப்பிலேயே வைத்துப் பாருங்கள். கேட்டால் மாற்றித் தருகிறார்கள்.