பொழுதுபோக்கு விமானிகளின் எழுத்துத் தேர்வு: பிரிட்டன் முறையும் அமெரிக்க முறையும்

ஊதியத்திற்காக அல்லாமல் விருப்பத்திற்காகச் சிறு விமானம் ஓட்டுவோருக்கான எழுத்துத் தேர்வு நேர்மையாக நடப்பதற்குப் பிரிட்டனும் அமெரிக்காவும் வெவ்வேறு காவல்களை நம்புகின்றன.

பிரிட்டனில் இத்தேர்வு முன்பு பயிற்சிப் பள்ளியிலேயே காகிதத்தில் நடந்தது. 2020-இல் அது கணினிக்கு மாறியதால், வினாத்தாள் பள்ளி அலமாரியில் கிடக்கும் நிலை ஒழிந்து, விமானப் போக்குவரத்து ஆணையத்தின் வினாவங்கியிலிருந்தே ஒவ்வொருவருக்கும் வினாக்கள் எடுக்கப்படுகின்றன. ஒன்பது பாடங்களிலும் தனித்தனியே 75 சதவீதம் பெற வேண்டும் என்பது இம்முறையின் பெரும் பலம். ஆனால் தேர்வு இன்னமும் பள்ளியில்தான் நடக்கிறது; மாணவர் தேறுவதில் தனக்கும் அக்கறையுள்ள நிறுவனமே கண்காணிப்பையும் ஏற்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

அமெரிக்காவில் அந்த உறுத்தல் குறைவு. அங்கீகரிக்கப்பட்ட தேர்வு மையத்தில், பயிற்றுவித்தவர் அல்லாத ஒருவரின் கண்காணிப்பில், தனியார் விமானி உரிமத்திற்கான 60 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். ஏமாற்றிப் பிடிபட்டவர் ஓராண்டு வரை எந்த விமானி உரிமத்திற்கும் விண்ணப்பிக்க முடியாது. எனினும் எல்லாப் பாடங்களும் ஒரே தாளில் அடங்க, தேர்ச்சி 70 சதவீதம் என்பதால் 18 விடைகள் தவறினாலும் தேறிவிடலாம். வானிலை பற்றிய வினாக்கள் அனைத்தும் அவற்றில் அடங்கினாலும் மதிப்பெண் தடுக்காது.

இவ்விரு காவல்களுக்கும் அகப்படாதது மனப்பாடம். இயந்திரத்திற்கான எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரில் பனி உறைவது 21 டிகிரி செல்சியசுக்குக் கீழும் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேலும் உள்ளபோது மிகுதி என்ற வரியை ஒப்பித்தவர் சரியான கட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிடுவார்; எரிபொருள் ஆவியாவதாலும் காற்றழுத்தம் குறைவதாலும் உள்ளே வெப்பநிலை சட்டென வீழ்வதால் 38 டிகிரி வெயிலிலும் அது நேரலாம் என்பதை அவர் அறிந்திருக்கத் தேவையில்லை. கோடைப் பிற்பகலில் இயந்திரத்தின் வேகம் மெல்லக் குறையும்போது, பனியைச் சந்தேகிக்காமலே அவர் நேரத்தை இழந்துவிடக்கூடும். தேர்வின் நேர்மையைப் பற்றிப் பேசும்போது எனக்குக் காப்பியடித்தலைவிடப் பெரிதாகத் தெரிவது இந்தப் பொய்யான தேர்ச்சிதான்.

இங்கே அமெரிக்க முறை ஒரு படி முன்னே நிற்கிறது. தவறிய வினாக்களின் பொருட்பகுதிகள் குறியீடுகளாக முடிவுத்தாளில் அச்சாகின்றன. பயிற்றுநர் அவற்றை மாணவருடன் மீண்டும் பார்த்ததாகச் சான்றளிக்க வேண்டும். பறக்கும் தேர்வுக்கு முன்னர் நடக்கும் வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் அப்பகுதிகளைக் கேட்டாக வேண்டும். எதிரில் அமர்ந்தவர் "ஏன்?" என்று அடுத்த கேள்வியைத் தொடுக்கும்போது மனப்பாடம் அதிக நேரம் தாங்காது. அந்தத் தேர்வாளருக்குக் கட்டணம் கொடுப்பவர் மாணவரே என்பது இம்முறையின் குறை. தேர்வாளரை அமெரிக்க விமான ஆணையமே ஒதுக்கினால் அது பெருமளவு நீங்கும்.

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அமெரிக்க முறையையே தேர்ந்தெடுப்பேன், ஆனால் பிரிட்டனின் பாடவாரித் தேர்ச்சி விதியை அதனோடு சேர்த்த பிறகு.