'லைஃப்டைம்' என்று சொல்லி 9,999 ரூபாயை வாங்கிக்கொண்டார்கள், உஷார்!

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. மெயில், குறிப்பு, செய்ய வேண்டிய வேலைகள் மூன்றையும் ஒரே ஆப்பில் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் ஒரு நிறுவனத்திடம் 9,999 ரூபாய் கட்டினேன். லைஃப்டைம் பிளான், ஒரே தடவை கட்டினால் போதும் என்றார்கள்.

நான் ஜிஎஸ்டி கணக்கு பார்த்துக்கொடுப்பவன். கடைக்காரர்கள் பில்லை மெயிலில் அனுப்புவார்கள், நான் 20-ஆம் தேதிக்குள் 3பி என்கிற மாதாந்திர ஜிஎஸ்டி படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். டெமோ காட்டிய பையன் வீடியோ காலில் ஒரு மெயிலை இழுத்துப் பட்டியலில் போட்டான். அது தேதியோடு ஒரு வேலையாக மாறியது, கீழேயே குறிப்பு எழுத இடமும் இருந்தது. எனக்கு வேண்டியது அதேதான். ஒன்றே ஒன்று கேட்டேன்: "நாளைக்கு வேண்டாம்னா என் டேட்டாவை முழுசா வெளியே எடுக்க முடியுமா தம்பி?" "ஒரே கிளிக் சார். உங்க டேட்டா உங்களோடது." அந்த வார்த்தையை நம்பித்தான் அன்றைக்கே பணம் கட்டினேன்.

சில மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் ஒரு அப்டேட். மெயில் இணைப்பு இனிமேல் புது பிளானில்தானாம், மாதாமாதம் பணமாம். லைஃப்டைம் என்றால் பழைய பதிப்பு இருக்கும் வரைக்குமாம்! இணைப்பு போனதும் மெயிலிலிருந்து போட்ட வேலைகளுக்கு நினைவூட்டலும் நின்றுவிட்டது. அதை ஒருவரும் சொல்லவில்லை. ஒரு கடைக்காரருக்கு 3பி தள்ளிப்போய், நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணத்தை என் கையிலிருந்து கட்டினேன்.

சரி, டேட்டாவையாவது எடுப்போம் என்று எக்ஸ்போர்ட்டை அழுத்தினேன். வந்த ஃபைலைத் திறந்தால் "பில் வரவில்லை", "பில் வரவில்லை", "போனில் கேட்கணும்" என்று வரிசையாக வெறும் தலைப்பு. யார் பில், எந்த மாதம், ஒன்றும் இல்லை. தேதிக் கட்டம் காலி. நான் எழுதிய குறிப்புகளும் காணோம்.

சாட்டில் கேட்டால் முதலில் தானாகப் பதில் சொல்லும் பாட், பிறகு ஒரு டிக்கெட் எண். "சம்பந்தப்பட்ட குழுவுக்கு அனுப்பியுள்ளோம்." அடுத்து வருகிறவரிடம் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். கடைசியில் "ரீஃபண்ட் 14 நாளுக்குள்தான்" என்று ஒரு வரி எழுதி, தீர்ந்தது என்று டிக்கெட்டை மூடிவிட்டார்கள். டெமோ பையன் போனையே எடுப்பதில்லை. 9,999 ரூபாய்!

2020-இல் வுண்டர்லிஸ்ட் என்ற வேலைப் பட்டியல் ஆப்பை மைக்ரோசாஃப்ட் மூடியபோதுகூட, பட்டியல்களைத் தங்களுடைய டு டூ ஆப்புக்கு மாற்றிக்கொள்ள வழி கொடுத்தார்கள். இலவசமாக வைத்திருந்தவர்களுக்கே அது கிடைத்தது.

விவரமாக யோசனை சொல்ல நினைத்தேன், இப்போது முடியவில்லை. ட்ரையலிலேயே எக்ஸ்போர்ட் செய்து ஃபைலைத் திறந்து பாருங்கள். வாயால் சொன்னதை மெயிலில் எழுதி வாங்குங்கள். ஏமாந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுங்கள், நானும் கொடுத்திருக்கிறேன். முக்கியமாக, ஆப்பை அழித்தாலும் உங்கள் ஜிமெயிலைப் படிக்கும் அனுமதி அவர்களிடமே இருக்கும். கூகுள் கணக்கில் மூன்றாம் தரப்பு இணைப்புகள் பகுதிக்குப் போய் அதை உடனே நீக்குங்கள்.