பருவப் பாட்டு அட்டைகள்: வாங்கும் முன் பின்பக்கத்தைப் பாருங்கள்

தொடக்க வகுப்புகளுக்கென்று பருவப் பாட்டு அட்டைகள் செட் செட்டாக விற்கின்றன. ஆறு பெரும்பொழுதுக்கும் (இளவேனில், கார் போன்ற ஆண்டின் பருவங்கள்) ஒன்றிரண்டு பாட்டு, கூடவே பொங்கல், தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் பாட்டுகள். முன்பக்கம் படம், பின்பக்கம் பாட்டு. படத்தில் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பணத்துக்குப் பெறுமா என்பதைச் சொல்வது பின்பக்கம்தான்.

முதலில் அடி பிரித்திருக்கும் விதத்தைப் பாருங்கள். மாதிரிக்கு இரண்டு அடி:

சாரல் வந்து சன்னல் தட்டும்
ஈரக் காற்று இலையைச் சுற்றும்

இப்படி அச்சிட்டால் ‘சாரல் – ஈர’ எதுகை (அடியின் முதற்சொல்லில் இரண்டாம் எழுத்து ஒத்து வருவது) ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கும். யாரும் சொல்லாமலே பிள்ளைகள் தாளம் போடுவார்கள். அட்டையின் அகலம் போதவில்லை என்று ‘சாரல் வந்து சன்னல் / தட்டும் ஈரக் காற்று / இலையைச் சுற்றும்’ என மூன்றாக மடக்கினால் எதுகை போய்விடும், வாசிப்பும் உரைநடையாகிவிடும். இந்தத் தவறு இருந்தால் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்து எழுத்தின் அளவு. கடைசி வரிசை ஆறு மீட்டர் தள்ளியிருந்தால் எழுத்து 2 செ.மீ. உயரமாவது வேண்டும். ஏ4 அட்டையில் அந்த அளவில் நாலு அடிக்கு மேல் ஏறாது. எட்டு அடிப் பாட்டுக்கு ஏ3 வேண்டும், அல்லது அதைச் சார்ட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். பளபளப்பான லேமினேஷனும் தொல்லைதான்: ட்யூப்லைட் பட்டதும் பாதி வகுப்புக்கு வெள்ளைக் கோடுதான் தெரியும். மேட் லேமினேஷன் கிடைத்தால் அதையே எடுங்கள்.

இந்த அட்டைகளின் பெரிய சிக்கல் நாட்காட்டி. சித்திரை, வைகாசி இளவேனில் என்று முதல் அட்டை தொடங்கும். தமிழ்நாட்டில் அப்போது ஆண்டுத் தேர்வும் கோடை விடுமுறையும். ஜூனில் பள்ளி திறந்தால் கைக்கு வர வேண்டியது முதுவேனில் அட்டை. ஆவணி, புரட்டாசியைக் கார்காலம் என்பது இலக்கணப்படி சரி. ஆனால் கடலோர மாவட்டங்களில் பெருமழை வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபரில்தான் தொடங்கும். சுள்ளென்று வெயில் அடிக்கும்போது ‘கொட்டுது மழை’ என்று பாடச் சொன்னால் பிள்ளைகள் சன்னலைப் பார்த்துச் சிரிப்பார்கள். கார் அட்டையை ஐப்பசிக்குத் தள்ளிவிடுங்கள். தொல்காப்பியர் கோபித்துக்கொள்ள மாட்டார். நீலகிரி, கன்னியாகுமரிப் பக்கம் ஜூனிலேயே எடுக்கலாம்.

பொங்கல் பாட்டுக்கு நேரம் இன்னும் குறைவு. அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரியில் திறந்தால் பொங்கல் விடுமுறைக்கு இரண்டு வாரம்கூட இருக்காது. இருபது அடிக் கும்மியை அதற்குள் ஏற்ற முடியாது. எட்டு அடியோடு நிறுத்தி, கைத்தட்டலைச் சரிசெய்யுங்கள். ரம்ஜான் அட்டையில் ஆங்கில மாதத்தை அச்சிட்டிருந்தால் அதன் மேல் ஒரு தாளை ஒட்டிவிடுங்கள். பெருநாள் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் வரும். சில ஆண்டுகளில் அந்த அட்டை பொய்யாகிவிடும்.

க்யூஆர் கோடில் வரும் ஒலிப்பதிவைக் கடையிலேயே கேட்டுவிடுவது நல்லது. கீபோர்டு சத்தத்தில் சொல் மூழ்கினாலோ, அடிக்கு அடி திருப்பிச் சொல்ல இடைவெளி இல்லாவிட்டாலோ அது விழா மேடைக்கு ஆகலாம், வகுப்புக்கு ஆகாது. ஆசிரியரே பாடுவது மேல், சுருதி கொஞ்சம் விலகினாலும்.

நடத்த நாளுக்குப் பத்து நிமிடம் போதும். முதல் நாள் அட்டையைக் காட்டாமல் இருமுறை பாடிக் காட்டுங்கள். மறுநாள் அடி அடியாகத் திருப்பிச் சொல்லட்டும். மூன்றாம் நாள் அட்டை. எடுத்ததும் அட்டையை நீட்டினால் எழுத்துக்கூட்டும் வேலையிலேயே பாட்டு செத்துவிடும். நாலாம் நாள் பருவத்தைக் காட்டும் சொற்களை மட்டும் தாளால் மறைத்துக் கேளுங்கள்.

பல செட்டுகளோடு வரும் ‘நீயும் எழுது’ தாளுக்குத்தான் மதிப்பெண் குறைக்க வேண்டும். ‘வானத்தில் ____ மேகம்’ என்று கோடிட்ட இடம் கொடுத்தால் நாற்பது நோட்டிலும் ‘கருப்பு’ என்றே வரும். அதற்குப் பதில் ஐந்து நிமிடம் பிள்ளைகளை மைதானத்தில் விட்டு, கேட்ட சத்தம் மூன்று, வந்த வாசனை இரண்டு எழுதி வரச் சொல்லுங்கள். பட்டியல் கையில் இருந்தால் மூன்றாம் வகுப்பே இரண்டு அடி எழுதிவிடும். எதுகையை அப்போது கேட்காதீர்கள். அதற்காகச் சொல்லைத் திணித்துப் பொருளைத் தொலைப்பார்கள்.

ஸ்பைரல் போட்டதைவிட உதிரி அட்டைகளே நல்லது. வரிசையை மாற்றி அடுக்க ஸ்பைரல் விடாது.