ஜிக் தலைக்கு எந்தப் பூச்சு: பவுடரா, வினைலா, நகப்பூச்சா?

அமெரிக்காவின் மின்னசோட்டா, விஸ்கான்சின் போன்ற ஏரி மாநிலங்களில் வால்ஐ மீனுக்குத் தூண்டில் போடுபவர்கள் பலர், ஈயத்தை உருக்கி அலுமினிய அச்சில் ஊற்றி, ஜிக் தலைகளை, அதாவது கொக்கியோடு சேர்த்து வார்த்த எடைக் குண்டுகளை, வீட்டிலேயே வார்த்துக்கொள்கிறார்கள். அயோவா மாநிலத்தில் உள்ள டூ-இட் நிறுவனத்தின் அச்சுகள் இதற்குப் பெயர்பெற்றவை. வார்ப்பது ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலைதான். ஆனால் ஏரியடிப் பாறையில் மறுபடி மறுபடி மோதும் அந்தச் சிறு ஈயத் தலையில் நிறத்தை நிற்கவைப்பது வேறு கதை.

நகப்பூச்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கடையிலும் கிடைக்கும், நிறங்களுக்குப் பஞ்சமில்லை, உடனே காய்ந்துவிடும். ஆனால் கல்லில் சில முறை உரசியதும் செதில் செதிலாகக் கழன்றுவிடும். இரையாக மாட்டும் மென்பிளாஸ்டிக் புழுக்களோடு ஒரே பெட்டியில் கிடந்தால், அவற்றில் உள்ள எண்ணெய்ப்பசை அதை இளக்கிப் பிசுபிசுப்பாக்கிவிடுவதும் உண்டு.

வினைல் பெயின்ட் இதைவிடப் பல படி மேல். முதலில் வெள்ளையில் ஒரு முறை, அது காய்ந்தபின் விரும்பிய நிறத்தில் ஒரு முறை தோய்த்துத் தொங்கவிட வேண்டும். வெள்ளை அடிப்பூச்சு இல்லாவிட்டால் மின்னும் ஆரஞ்சும் எலுமிச்சை மஞ்சளும் ஈயத்தின் சாம்பல் நிறத்தில் மங்கிப்போகும். கரைப்பானின் நெடி கடுமையானது என்பதால் சன்னலைத் திறந்துவைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். ஆனால் வெப்பமே தேவையில்லை என்பது இதன் பெரிய வசதி. அதன் அருமை பின்னால் விளங்கும்.

பவுடர் கோட்டிங்கில் கரைப்பானும் இல்லை, காயும்வரை காத்திருப்பதும் இல்லை. ஹீட் கன்னின் காற்றில் தலையைச் சில நொடிகள் காட்டி, உலர்ந்த வண்ணத் தூளான பவுடரில் ஒரு கணம் முக்கி எடுத்தால், ஒட்டிய தூள் கண்ணெதிரே உருகிப் பளபளக்கும். தூள் மணல்போலச் சொரசொரப்பாகவே நின்றால் சூடு போதவில்லை; புகைந்தால் சூடு மிஞ்சிவிட்டது. ஈயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகும் என்பதால், அதைவிடச் சூடான காற்றை ஊதும் கருவியின் முன் தலையை அதிக நேரம் பிடிக்கவும் கூடாது. தூண்டில் நரம்பைக் கட்டும் கொக்கிக் கண்ணில் அடைத்த பூச்சை இளகியிருக்கும்போதே ஊசியால் குத்தி எடுத்துவிட வேண்டும். இறுகிய பின் அது பெரும் தொல்லை.

பலர் இங்கேயே வேலை முடிந்துவிட்டதாக நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். பளபளப்பு வந்துவிட்டதே ஒழிய உறுதி வரவில்லை. ஏறக்குறைய 177 டிகிரி செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம் ஓவனில் தொங்கவிட்டுச் சுட்டால்தான் பவுடரின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, பாறைக்கும் பிளாஸ்டிக் எண்ணெய்க்கும் அசையாத படலமாகின்றன. சுடாத பவுடர் பூச்சு எளிதில் உடைந்து உதிரும். அப்படி அரைகுறையாக விடுவதானால் வினைலே மேல் என்பேன். இந்த ஓவனில் அதன்பிறகு ரொட்டி சுடக்கூடாது என்பதால், பழைய டோஸ்டர் ஓவன் ஒன்றைத் தனியாக ஒதுக்க வேண்டியிருக்கும்.

பவுடர் புட்டியிலேயே முக்குவதா, காற்றுப் படுகையில் முக்குவதா என்பது அடுத்த கேள்வி. புட்டியில் முக்கினால் தூள் கட்டியாக அப்பி, சுடும்போது தலையின் அடியில் சொட்டாகத் தொங்கும். காற்றுப் படுகை என்பது, அடியில் காப்பி வடிகட்டும் தாள் போன்ற நுண்துளைத் தாளைப் பொருத்திய ஒரு குழாய்தான். மீன்தொட்டி பம்ப் கீழிருந்து காற்றை ஊத, தூள் பொங்கி நீர்போல அலைகிறது. பூச்சு மெல்லியதாக, சீராகப் படிகிறது. நிறைய வார்ப்பவருக்கு இது தேவை. ஒரு பருவத்துக்குச் சில தலைகள் மட்டும் போதுமென்றால் புட்டியே போதும்.

இரண்டு மூன்று நிறங்களில் வரியும் புள்ளியும் போட விரும்புவோர்க்குப் பவுடர் அவ்வளவாக ஒத்துழைக்காது. அங்கே வினைலும் தூரிகையும் எளிது. உலோகம் மாறினாலும் கணக்கு மாறும். லூன் பறவைகள் ஈயத்தை விழுங்கி இறப்பதால், மாசசூசெட்ஸ் மாநிலம் 2012 முதல் ஒரு அவுன்சுக்குக் குறைவான ஈய ஜிக்குகளை உள்நாட்டு நீர்நிலைகளில் தடைசெய்திருக்கிறது; நியூ ஹாம்ப்ஷயரிலும் இத்தகைய தடை உண்டு. எத்தனை உறுதியாகப் பூசினாலும் பறவையின் அரைவைப்பையில் பூச்சு தேய்ந்துவிடும் என்பதால், பவுடர் இதற்கு மாற்றாகாது. அங்கே சிலர் பிஸ்மத்–வெள்ளீயக் கலவையில் வார்க்கிறார்கள். அதில் 58 பங்கு பிஸ்மத்தும் 42 பங்கு வெள்ளீயமும் சேர்ந்த கலவை 138 டிகிரியிலேயே உருகிவிடும். 177 டிகிரி ஓவனில் தொங்கவிட்டால் கொக்கி மட்டும்தான் மிஞ்சும். அந்தத் தலைகளுக்கு வினைல்தான்.