இடமாற்றமா, மூலத்திலேயே தடுப்பா?

ஈயத்தூள் பறக்கும் பேட்டரித் தொழிற்கூடத்தில், கருவிலுள்ள சிசுவை அதன் நச்சிலிருந்து காக்க, குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களை வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவது ஒரு வழி. தூள் எழும் இடத்திலேயே உறிஞ்சு குழாய் பொருத்தி அதை அடக்குவது மற்றொரு வழி. முதலாவதற்குச் செலவு குறைவு, மறுநாளே நடைமுறைக்கு வந்துவிடும் என்பதால் நிர்வாகங்களுக்கு அதன்மேல் தனிப் பிரியம் உண்டு.

ஆனால் இடமாற்றம் பெரும்பாலும் காலந்தாழ்ந்தே நிகழ்கிறது. கருத்தரித்த 3 முதல் 8 வாரங்களுக்குள் சிசுவின் முக்கிய உறுப்புகள் உருவாகத் தொடங்கிவிடுகின்றன. பலருக்குத் தாம் கருவுற்றிருப்பதே அப்போதுதான் தெரியவரும். மேலும், ஈயம் எலும்பில் பல ஆண்டுகள் தங்கி, கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து கால்சியம் வெளியேறும்போது தானும் இரத்தத்தில் கலந்து நஞ்சுக்கொடியைக் கடந்துவிடுவதால், அந்த வேலையிலிருந்து எப்போதோ விலகிய பெண்ணுக்கும் முழுப் பாதுகாப்பு இல்லை.

ஆண்களையோ அவ்வழி அறவே மறந்துவிடுகிறது. 1977இல் கலிபோர்னியாவில் டிபிசிபி என்ற நூற்புழுக்கொல்லியைத் தயாரித்த ஆண் தொழிலாளர்களிடையே விந்தணுக் குறைவும் மலட்டுத்தன்மையும் கண்டறியப்பட்டன. சட்டையின் கைமடிப்பில் ஒட்டிய ஈயத்தூள் வீட்டுக் குழந்தைகள் வரை போய்ச் சேர்வதும் உண்டு. பெண்களை மட்டும் விலக்கிய ஒரு பேட்டரி நிறுவனத்தின் விதியை, 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாலினப் பாகுபாடு எனத் தீர்ப்பளித்தது.

மூலத்தில் தடுப்பது அனைவரையும் ஒருசேரக் காக்கிறது. பராமரிப்பு தவறினால், அடைத்துக்கொண்ட வடிகட்டியோடு ஓடும் விசிறி வெறும் இரைச்சல்தான். அந்த அமைப்பு முழுமையாகும் வரை, கருவுற்றவர் விரும்பினால், ஊதியம் குறையாமல் தரப்படும் தற்காலிக இடமாற்றத்தை நான் மறுக்கமாட்டேன்.